கருங்கால் கோமாளி மீன்

கருங்கால் கோமாளி மீன் சுமார் 11 சென்டிமீட்டர் நீளம் வரை வளரும். செம்பழுப்பு கலந்த ஆரஞ்சு நிற உடல். கண்ணுக்குப் பின்னால் செவுள்மூடியின் மேல் இறங்கும் ஒடுங்கிய வெண்பட்டை ஒன்று. கரிய வயிற்றுத் துடுப்புகள். இந்த மூன்று அடையாளங்களும் போதும், இதன் நெருங்கிய உறவினங்களிலிருந்து இதைப் பிரித்தறிய. ஆம்ஃபிபிரையான் நைகிரிப்பஸ் என்பது அறிவியல் பெயர். ஸ்டான்லி கார்டினர் இந்தியப் பெருங்கடலில் சேகரித்த மீன்களை ஆராய்ந்த சார்லஸ் டேட் ரீகன், 1908-இல் இதைத் தனி இனமாக விவரித்தார். மாலத்தீவு, இலங்கை, லட்சத்தீவு ஆகியவற்றைச் சூழ்ந்த கடற்பகுதிதான் இதன் தாயகம்.

கோமாளி மீன்களில் ஏறத்தாழ 30 இனங்கள் உள்ளன. எல்லாமே கடல் சாமந்தி எனப்படும் கொட்டும் உயிரியோடு சேர்ந்து வாழ்பவை. அவற்றுள் சில பல வகைச் சாமந்திகளில் குடியேறும். கருங்கால் கோமாளியோ ஒரே ஒரு வகையை மட்டுமே நாடும். இதன் உடல் அளவு, பால், இனப்பெருக்கம், ஆயுள் ஆகிய எல்லாமே இந்தப் பிரியாத குடியிருப்பிலிருந்து விளைந்தவை. மீனைப் புரிந்துகொள்ள முதலில் அது இருக்கும் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மட்டாஞ்சேரிக் காயலும் பவளக் கடலும்

இந்த மீன் வாழ முடியாத ஓர் இடத்திலிருந்து தொடங்குவோம். கொச்சியின் மட்டாஞ்சேரிப் படகுத்துறையை ஒட்டி ஓடும் நீரில் பவளம் வளராது. பெரியாறும் மூவாற்றுப்புழையும் பிற ஆறுகளும் கொண்டுவரும் வண்டல் காயலைக் கலங்கலாகவே வைத்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையில் மேல்மட்ட நீரின் உப்பு வெகுவாகக் குறைந்து, ஏறக்குறைய நன்னீராகவே மாறிவிடும் நாட்களும் உண்டு. பவளத்துக்குத் தெளிந்த நீரும், அடிவரை இறங்கும் வெயிலும், ஆண்டு முழுதும் குறையாத உப்பும் வேண்டும். இம்மூன்றும் கொச்சிக் கரையில் இல்லை.

காயல் மீன்களின் நிறத்திலும் இது தெரியும். மட்டாஞ்சேரி மீன்கடைகளில் கிடக்கும் மடவை வெள்ளியாக மின்னும். கரிமீன் சாம்பலும் பச்சையும் கலந்த உடலில் முத்துப் புள்ளிகள் கொண்டிருக்கும். கலங்கிய நீரில் கண்ணுக்கு எட்டும் தொலைவு குறைவு. அங்கே பளிச்சென்ற நிறங்களால் பெரிய பயனில்லை. விதிவிலக்காக நிற்பது பள்ளத்தி என்று அப்பகுதி மக்கள் அழைக்கும் சிறு மீன். மஞ்சள் உடலில் செம்புள்ளிகள் கொண்ட இது, கரிமீனின் உடலில் ஒட்டியுள்ளவற்றைக் கொத்தித் துப்புரவு செய்வதை ஆய்வாளர்கள் 1972-இல் பதிவு செய்தனர். முட்டைகளை ஒரு பரப்பில் ஒட்டவைத்துப் பெற்றோர் இருவரும் காவல் காக்கும் இனம் இது.

பள்ளத்தி சேர்ந்த சிக்லிட் குடும்பத்தையும் கோமாளி மீன் சேர்ந்த டாம்சல் குடும்பத்தையும் மரபணு ஆய்வுகள் இன்று ஒரே பெருந்தொகுதியில் வைக்கின்றன. எதிலேனும் ஒட்டிக்கொள்ளும் முட்டை அந்தத் தொகுதியில் பரவலாகக் காணப்படும் பண்பு. ஆக, காயலின் பள்ளத்தியும் பவளக் கடலின் கோமாளியும் தூரத்து உறவினர்கள். பிரிந்து வாழ்வது நீரின் தன்மையால்தான்.

கொச்சிக்கு மேற்கே 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் லட்சத்தீவுகள் பரவிக் கிடக்கின்றன. தீவுகள் 36, நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. ஆனால் பவள வளையங்களுக்குள் அடங்கிய ஆழமற்ற உப்பங்கழிகளின் பரப்பு சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். பெருநிலத்து ஆற்று வண்டல் அங்கே எட்டுவதில்லை. கொச்சியிலிருந்து கப்பலேறும் ஒருவர் கருங்கால் கோமாளியை அதன் சொந்த இடத்தில் காணக்கூடிய இந்தியக் கடல் இதுவே. இத்தீவுகளின் மீன்களைப் பற்றி எஸ். ஜோன்ஸும் எம். குமரனும் எழுதி 1980-இல் வெளிவந்த நூல் 603 இனங்களை விவரிக்கிறது. ஜோன்ஸ் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். 1947-இல் தொடங்கப்பட்டு, ராமேசுவரத்துக்கு அருகே மண்டபத்தில் இயங்கிவந்த அந்நிலையத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாற்றப்பட்டது.

உடலும் நிறமும்

உயரமான, பக்கவாட்டில் தட்டையான உடல், வட்டமான வால், பெரிய மார்புத் துடுப்புகள். நீண்ட தூரம் விரைந்து நீந்த இந்த அமைப்பு உதவாது. நின்ற இடத்தில் திரும்பவும், பின்னோக்கி நகரவும், நெருக்கமான இடைவெளிகளில் புகுந்து வெளிவரவும் மிகவும் ஏற்றது. கோமாளி மீன் நீந்தும்போது உடல் அசைந்தாடுவது போலத் தோன்றுவதற்கு இந்தத் துடுப்பு நீச்சலே காரணம்.

ஆரஞ்சு நிறம் தோலில் உள்ள மஞ்சள், சிவப்பு நிறமிச் செல்களிலிருந்து வருகிறது. கருமை மெலனின் தருவது. வெண்பட்டையில் வெள்ளை நிறமி எதுவும் கிடையாது. குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக அமைந்த செல்கள் அங்கே இருக்கின்றன. விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பு ஒளியைக் கடல்நீர் மேல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடும். ஆகவே பத்து மீட்டர் ஆழத்தில் ஆரஞ்சு உடல் மங்கிப் பழுப்பாகத் தோன்றும்; வெண்பட்டை மட்டும் தெளிவாகத் தெரியும்.

சில இனங்களுக்கு மூன்று பட்டைகள், சிலவற்றுக்கு இரண்டு, கருங்கால் கோமாளிக்கு ஒன்று. பல இனங்களின் மரபுத் தொடர்ச்சியை ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2018-இல் ஓர் ஒழுங்கைக் கண்டறிந்தனர்: பரிணாமப் போக்கில் பட்டைகள் வாலிலிருந்து தலை நோக்கி ஒவ்வொன்றாக மறைந்திருக்கின்றன. அதனால்தான் ஒரே ஒரு பட்டை எஞ்சிய இனங்களில் அது எப்போதும் தலைப் பட்டையாகவே இருக்கிறது. பட்டைகளைத் தோன்றச் செய்வது தைராய்டு ஹார்மோன். குஞ்சு எந்த வகைச் சாமந்தியில் குடியேறுகிறது என்பதைப் பொறுத்துப் பட்டை தோன்றும் வேகம்கூட மாறுவதாக மற்றோர் இனத்தில் 2021-இல் தெரியவந்தது.

இந்தியக் கடல்களின் மற்ற கோமாளிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் பிடிபடும். கிளார்க் கோமாளிக்கு உடலில் இரண்டு பட்டைகளும் வாலடியில் ஒன்றும் உண்டு. இதை பென்னட் 1830-இல் இலங்கை மீன்களைப் பற்றிய தம் நூலில் விவரித்தார். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வாழும் செபே கோமாளி கரும்பழுப்பு உடலும் இரண்டு அகன்ற பட்டைகளும் கொண்டது. அளவிலும் இவை இரண்டும் கருங்கால் கோமாளியைவிடப் பெரியவை.

குடியிருக்கும் சாமந்தி

கடல் சாமந்தி பூவைப் போலத் தோன்றினாலும் விலங்கு. பவளத்துக்கும் இழுதுமீனுக்கும் உறவு. பாறையில் ஒட்டிய தண்டு, அதன் மேல் வாய், வாயைச் சுற்றி நூற்றுக்கணக்கான உணர்நீட்சிகள் என்பதே இதன் உடலமைப்பு. உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் சாமந்தி இனங்கள் இருந்தும், கோமாளி மீன்களுக்கு இடம் தருபவை பத்து இனங்களே.

கிளார்க் கோமாளி இந்தப் பத்திலும் வாழக்கூடியது. கருங்கால் கோமாளி தேர்ந்தெடுப்பது ஹெட்டராக்டிஸ் மேக்னிஃபிகா என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட ஒரே இனம். அண்மைய வகைப்பாடு இதை ரேடியாந்தஸ் பேரினத்தில் சேர்க்கிறது. விரல் போன்ற மழுங்கிய நீட்சிகள் கொண்ட இந்தச் சாமந்தி, ஒரு மீட்டர் அகலம் வரை விரியக்கூடியது. தண்டு ஊதா, நீலம், சிவப்பு, பச்சை, வெள்ளை எனப் பல நிறங்களில் இருக்கும். பவளத்திட்டின் மேடான, நீரோட்டம் படும் இடங்களில் வெயிலை நோக்கி உட்காரும். உடல் சுருங்கும்போது வண்ணத் தண்டு பந்தாகத் திரண்டு, உச்சியில் ஒரு கொத்து நீட்சிகள் மட்டும் வெளியே தெரியும்.

வெயில் இதற்கு உணவு. இதன் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே என்ற ஒருசெல் பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் செய்யும் சர்க்கரையில் பெரும்பங்கு சாமந்திக்குப் போய்ச் சேர்கிறது. பவளங்களும் இதே முறையில்தான் வாழ்கின்றன. பின்னால் சொல்லப்படும் ஆபத்துக்கும் இதுவே வேர்.

கொட்டும் செல்களுக்கு நடுவே

சாமந்தியின் நீட்சிகளில் கொட்டும் செல்கள் நெருக்கமாக உள்ளன. ஒவ்வொரு செல்லிலும் உயர் அழுத்தத்தில் சுருட்டி வைக்கப்பட்ட நுண்குழல் ஒன்று உண்டு. ஒரு மீனோ இறாலோ உரசியதும் குழல் பீறிட்டுத் தோலைத் துளைத்து நஞ்சைச் செலுத்தும். மற்றச் சிறு மீன்கள் அதில் சிக்கினால் இரையாகிவிடும். கோமாளி மீன் அதே நீட்சிகளின் மேல் படுத்து உறங்குகிறது.

இந்தச் சேர்க்கையை முதன்முதலில் அறிவியல் உலகுக்குத் தெரிவித்தவர்களில் ஒருவர் கத்பர்ட் காலிங்வுட். தென்சீனக் கடலில் பேருருவச் சாமந்திகளுக்குள் மீன்கள் வாழ்வதைக் கண்டு 1868-இல் அவர் எழுதினார். எப்படி முடிகிறது என்ற கேள்விக்கு விடை தேடியே அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. டேவன்போர்ட், நாரிஸ் இருவரும் 1958-இல் வெளியிட்ட ஆய்வு, பாதுகாப்பு மீனின் தோலை மூடிய கோழைப்படலத்தில் இருப்பதைக் காட்டியது. சாமந்தியிடமிருந்து சில காலம் பிரித்து வைக்கப்பட்ட மீன் திரும்பி வரும்போது உடனே உள்ளே பாய்வதில்லை. முதலில் வாலடியையும் துடுப்போரத்தையும் நீட்சிகளில் லேசாக உரசும், விலகும், மீண்டும் உரசும். இப்படிப் பழகிய பிறகே முழு உடலோடு நுழையும்.

அந்தக் கோழையில் என்ன இருக்கிறது, அல்லது என்ன இல்லை? கொட்டும் செல்களைத் தூண்டிவிடும் பொருள்களில் ஒன்று சியாலிக் அமிலம். மீன்களின் கோழையில் பொதுவாக இது காணப்படும். கோமாளி மீனின் கோழையில் இதன் அளவு மிகக் குறைவு என 2015-இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது; அண்மைய ஆய்வுகளும் இதை வலுப்படுத்துகின்றன. சாமந்தியின் கொட்டும் செல் இரையென்று அறிந்துகொள்ள வேண்டிய குறியீடு மீனின் மேல் இல்லாததால் செல் வெடிப்பதில்லை.

கொடுக்கல் வாங்கல்

மீனுக்குக் கிடைப்பது பாதுகாப்பு. பவளத்திட்டில் களவா போன்ற, மீனைத் தின்னும் மீன்கள் சுற்றித் திரியும். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள, மெதுவாக நீந்தும், பளிச்சென்று தெரியும் ஒரு மீன் அங்கே தனியாகப் பிழைக்க முடியாது. ஆகவே கோமாளி மீன் தன் சாமந்தியைவிட்டுச் சில மீட்டர்களுக்கு அப்பால் போவது அரிது. ஆபத்து நெருங்கினால் நீட்சிகளுக்குள் புதைந்துவிடும்.

சாமந்திக்கும் ஆதாயம் உண்டு. வண்ணத்துப்பூச்சி மீன்கள் சில, சாமந்தியின் நீட்சிகளைக் கடித்துத் தின்பவை. கோமாளி மீன் தன்னைவிடப் பெரிய அந்த மீன்களைத் துரத்தியடிக்கும். அருகில் வரும் முக்குளிப்போரின் கையையும் கடிக்கும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, சாமந்திக்குள் வாழும் பாசிகளுக்கு உரமாகிறது. இரவில் பாசிகள் ஆக்சிஜன் தராத நேரத்தில், நீட்சிகளுக்கு நடுவே மீன் அசைந்துகொண்டே இருப்பதால் நீர் சுழன்று சாமந்திக்குக் காற்றூட்டம் கூடுகிறது. மீன் குடியிருக்கும் சாமந்திகள் மீனில்லாதவற்றைவிட அகலமாக விரிகின்றன, வேகமாக வளர்கின்றன.

உணவும் ஒலியும்

கருங்கால் கோமாளி பகலில் சாமந்திக்குச் சற்று மேலே நின்று, நீரோட்டம் கொண்டுவரும் மிதவை உயிரிகளைப் பொறுக்கி உண்ணும். கோபிபாட் எனப்படும் நுண்ணிய ஓட்டுடலிகள் முக்கிய இரை. பாறையில் படர்ந்த பாசியையும் கொறிக்கும். பெரிய மீன்கள் சற்று உயரம் வரை எழும்பி மேய்கின்றன. சிறியவை நீட்சிகளை ஒட்டியே நிற்கும்.

சண்டையின்போது கோமாளி மீன்கள் ஒலி எழுப்பும். கிளார்க் கோமாளியை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் எரிக் பார்மான்டியேவின் குழு, ஒரு தசைநார் இழுப்பால் தாடை படாரென மூடிப் பற்கள் மோதுவதே அந்த ஒலிக்குக் காரணம் என 2007-இல் விளக்கியது. பெரிய மீன் எழுப்பும் ஒலி தாழ்ந்த சுருதியிலும் சிறிய மீனுடையது உயர்ந்த சுருதியிலும் இருக்கும். ஒலியைக் கேட்டே எதிரியின் அளவு தெரிந்துவிடுவதால் பல சண்டைகள் கடியில் முடிவதில்லை.

குழுவின் வரிசை

ஒரு சாமந்தியில் வழக்கமாக ஒரு பெண், ஒரு ஆண், அவற்றோடு பால் முதிராத சில இளம் மீன்கள் இருக்கும். இளையவை அந்தச் சோடியின் பிள்ளைகள் என்று எண்ணத் தோன்றும்; அப்படியல்ல. மிதவை வாழ்வு முடிந்து வேறு வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவை அவை.

குழுவில் மிகப் பெரியது பெண். அடுத்தது ஆண். மற்றவை அளவு வரிசையில் அதற்குக் கீழே. ஒவ்வொரு மீனும் தனக்கு மேலுள்ளதைவிடக் குறிப்பிட்ட அளவு சிறியதாகவே தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. பாப்புவா நியூ கினியில் ஆரஞ்சுக் கோமாளி என்ற மற்றோர் இனத்தை அளந்து பீட்டர் பஸ்டன் 2003-இல் இதைக் காட்டினார். மேலுள்ள மீனுக்கு இணையாக வளர்ந்துவிட்டால் அது போட்டியாளராகக் கருதப்பட்டுத் துரத்தப்படும். சாமந்தியிலிருந்து துரத்தப்பட்ட மீனுக்குச் சாவு நிச்சயம். ஆகவே சிறிதாக இருப்பதே உயிர் காக்கும் வழி.

பெண் இறந்துவிட்டால் என்ன ஆகும்? மற்றொரு பெண்ணைத் தேடி ஆண் திறந்த கடலில் நீந்திப் போனால் வழியிலேயே இரையாகும். கோமாளி மீன்களின் தீர்வு பால் மாற்றம். ஆண் மீன் பெண்ணாக மாறுகிறது. இளம் மீன்களில் பெரியது ஆணாக முதிர்கிறது. மற்றவை ஒவ்வொரு படி மேலேறுகின்றன. ஹான்ஸ் ஃபிரிக்கேயும் சிமோன் ஃபிரிக்கேயும் 1977-இல் இதை விளக்கினர். கோமாளி மீன் எதுவும் பிறக்கும்போதே பெண்ணாக இருப்பதில்லை. பெண் மீன்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் ஆணாக இருந்தவையே. பெண் மறைந்ததும் ஆணின் நடத்தை விரைவிலேயே மாறிவிடுகிறது. மூளையில் மாற்றம் முதலில் நிகழ்கிறது; இனப்பெருக்க உறுப்பு முழுதும் மாறுவதற்கு அதன் பிறகும் நீண்ட காலம் ஆகலாம்.

காத்திருப்பது வீண்போகாததற்கு மற்றொரு காரணம் நீண்ட ஆயுள். இந்த அளவுள்ள மீன்கள் பொதுவாகச் சில ஆண்டுகளே வாழ்கின்றன. ஆரஞ்சுக் கோமாளியின் பெண் மீன் சுமார் 30 ஆண்டுகள் வாழக்கூடும் என 2007-இல் கணக்கிடப்பட்டது. பாதுகாப்பான இருப்பிடம் கிடைத்த உயிரினம் நெடுங்காலம் வாழும் என்ற பொது விதிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

முட்டையும் குஞ்சும்

வெப்பக் கடல்களில் கோமாளிச் சோடி ஆண்டின் பெரும்பகுதியில் முட்டையிடும். சாமந்தியின் அடித்தண்டை ஒட்டிய பாறைப் பரப்பை ஆண் மீன் முன்கூட்டியே வாயால் கொத்திச் சுத்தம் செய்கிறது. பெண் அதன் மேல் தவழ்ந்து முட்டைகளை வரிசையாக ஒட்டவைக்க, ஆண் பின்னாலேயே வந்து கருவுறச் செய்கிறது. ஒரு தடவையில் சில நூறு முட்டைகள் முதல் ஆயிரத்துக்கு மேல் வரை இருக்கலாம். இனத்தையும் பெண்ணின் பருமனையும் பொறுத்தது அது. விரியும் நீட்சிகள் முட்டைகளுக்குக் கூரையாக அமைகின்றன.

முட்டை நீள்வட்ட வடிவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம் கொண்டது. முதலில் ஆரஞ்சாக இருக்கும். கரு வளர வளரக் கறுத்து, கடைசியில் குஞ்சின் கண்கள் வெள்ளிப் புள்ளிகளாகத் தெரியும். அந்த ஒரு வாரம் முழுக்க ஆண்தான் காவல். மார்புத் துடுப்பால் நீரை விசிறும்; வாயால் முட்டைகளைத் தடவிச் சுத்தம் செய்யும்; கெட்டவற்றைத் தின்று அகற்றும்.

ஏறத்தாழ ஏழெட்டு நாட்களில், சூரியன் மறைந்த சற்று நேரத்தில், குஞ்சுகள் பொரிந்து வெளிவரும். இருட்டு இதற்கு இன்றியமையாதது. ஆஸ்திரேலியாவில் 2019-இல் வெளியான ஆய்வில், இரவிலும் செயற்கை விளக்கு எரிந்த தொட்டிகளில் வைக்கப்பட்ட முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை. விளக்கை அணைத்த பின்னரே குஞ்சுகள் வெளிவந்தன. கடற்கரை விடுதிகளின் இரவு வெளிச்சம் பவளத்திட்டில் விழுவது சிறிய செய்தியல்ல என்பதற்கு இது சான்று.

குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பத்து நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை வளரும். பெரும்பாலானவை இரையாகிவிடும். எஞ்சியவை வாசனையை முக்கிய வழிகாட்டியாகக் கொண்டு பவளத்திட்டையும் சாமந்தியையும் தேடி வந்து சேரும். அவை எங்கோ அடித்துச் செல்லப்படுவதாகவே முன்பு கருதப்பட்டது. பாப்புவா நியூ கினியின் கிம்பே தீவில் தாய் மீன்களுக்கு வேதிக் குறியிட்டுச் செய்த ஆய்வு, வந்து குடியேறிய ஆரஞ்சுக் கோமாளிக் குஞ்சுகளில் சுமார் 60 விழுக்காடு அதே தீவில் பிறந்தவை என்று 2007-இல் காட்டியது. ஒரு தீவின் மீன்களை அழித்தால் தொலைவிலிருந்து வரும் குஞ்சுகள் அந்த இடத்தை நிரப்பிவிடும் என்று நம்ப முடியாது என்பதே இதன் பொருள்.

கடல் சூடாகும்போது

நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடி, சில வாரங்கள் நீடித்தால் பவளங்களும் சாமந்திகளும் தம்முள் வாழும் பாசிகளை இழந்து வெளுத்துவிடும். லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுப்பு ஏற்பட்டது. 2024 மே மாதத்தில் தீவுகளின் பவளங்கள் மீண்டும் கடுமையாக வெளுத்திருப்பதைக் கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அறிவித்தது. 2023 அக்டோபர் இறுதியிலிருந்தே அங்கு கடல் வெப்ப அலை நீடித்து வந்தது. அகத்தி, கட்மத், கவரத்தி தீவுகளில் கால் நூற்றாண்டாக நடந்த கண்காணிப்பு, 1998-இல் 37 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டதைக் காட்டுகிறது.

சாமந்தி வெளுத்தால் மீன் உடனே சாவதில்லை. ஆனால் இனம் பெருகுவது குன்றுகிறது. பிரெஞ்சு பாலினீசியாவின் மூரேயா தீவில், கருங்கால் கோமாளி நாடும் அதே இனச் சாமந்தியில் வாழும் மற்றொரு கோமாளி மீனை ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். 2016-இன் வெப்பத்தில் வெளுத்த சாமந்திகளில் இருந்த சோடிகளின் இனப்பெருக்கம் 73 விழுக்காடு வீழ்ந்தது. அவற்றின் இரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் உயர்ந்தது. பாப்புவா நியூ கினியில் 2023-இன் வெப்ப அலையின்போது 134 ஆரஞ்சுக் கோமாளிகளை மாதந்தோறும் அளந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை உடல் நீளத்தில் சுருங்கியிருந்தன. சுருங்கியவையே அதிகம் பிழைத்தன. மீன் தன் உடலைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கிறது. சாமந்தி இறந்துபோனால் அந்த உத்தியும் பயன்படாது.

பத்து வகைச் சாமந்திகளில் வாழக்கூடிய கிளார்க் கோமாளிக்கு மாற்று வழி உண்டு. ஒரே வகையை நம்பியிருக்கும் கருங்கால் கோமாளிக்கு அது கிடையாது.

தொட்டியில் வளர்ப்பு

உலகக் கடல் அலங்கார மீன் வணிகத்தில் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மீன்கள் கைமாறுவதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2003-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. அதிகம் விற்பவற்றில் கோமாளி மீன்கள் முன்வரிசையில் உள்ளன. அவற்றைப் பிடிப்பது எளிது: சாமந்தியை விட்டு ஓடாத மீன் வலைக்குத் தப்புவதில்லை. முட்டையிடும் பெண்ணைப் பிடித்துவிட்டால் அடுத்த மீன் பெண்ணாக மாறி முட்டையிடும்வரை அந்தச் சாமந்தியில் குஞ்சு உற்பத்தி நின்றுவிடும்.

இதற்கு மாற்றாகக் குஞ்சுப் பொரிப்பகங்கள் அமைந்தன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்கள் பல கோமாளி இனங்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியுள்ளன. விழிஞ்ஞத்தில் வெற்றி கண்ட இனங்களுள் கருங்கால் கோமாளியும் ஒன்று. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இத்துறையில் உழைத்திருக்கிறது.

முறை இதுதான். ஒரே அளவில்லாத இளம் மீன்களைச் சேர்த்து விட்டால் அவற்றுள் ஒன்று பெண்ணாகவும் மற்றொன்று ஆணாகவும் தாமே அமைந்து சோடி சேரும். தொட்டியில் பகை மீன் இல்லாததால் சாமந்திகூடத் தேவையில்லை. மண்சட்டியோ ஓட்டுத் துண்டோ வைத்தால் அதில் முட்டை ஒட்டும். பொரிந்த குஞ்சுக்கு முதல் நாட்களில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரியும், அந்த ரோட்டிஃபருக்கு நுண்பாசியும் வேண்டும். பின்னர் ஆர்ட்டீமியா எனும் உப்புநீர் இறாலின் குஞ்சுகளுக்கு மாற்றலாம். இந்த முதல் இரண்டு வாரங்களைக் கடப்பதுதான் கடினம். கடந்தபின் வளர்ப்பு எளிது. லட்சத்தீவின் அகத்தியில் தீவுப் பெண்களுக்கு அலங்கார இறால் வளர்ப்பில் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கிறது. கடலிலிருந்து பிடிக்காமலேயே வருமானம் பெறும் வழி சிறு தீவுகளிலும் சாத்தியம் என்பதை அது காட்டுகிறது.

தொட்டி வளர்ப்பு கடல்மீது விழும் சுமையைக் குறைக்கும். ஆனால் கடலில் வாழும் கருங்கால் கோமாளியை அது மட்டும் காப்பாற்றாது. இந்த மீனின் இருப்பு ஒரே ஒரு சாமந்தி இனத்தையும், அந்தச் சாமந்தியின் இருப்பு தெளிந்த, அளவான வெப்பமுள்ள நீரையும் நம்பியிருக்கிறது. மீன்தொட்டி வைக்க விரும்புவோர் பொரிப்பகத்தில் பிறந்த மீனையே கேட்டு வாங்க வேண்டும். சாமந்தியைக் கடலிலிருந்து பெயர்த்து வர எவரையும் தூண்டக் கூடாது. லட்சத்தீவுக்குச் செல்வோர் பவளத்திட்டில் கால் ஊன்றாமலும் எதையும் எடுக்காமலும் திரும்ப வேண்டும். சாமந்தி வாழும் கடலில்தான் கருங்கால் கோமாளி வாழும்.